மருத்துவத் தொடரில் இறைநம்பிக்கையை மையமாக வைத்து ஓர் அத்தியாயம் எழுதுவது எப்படி?

மருத்துவத் தொடருக்கு எழுதுகிறவர்களிடம் இறைநம்பிக்கையை மையமாக வைத்து ஓர் அத்தியாயம் கேட்டால், பெரும்பாலும் இரண்டு கதைகளில் ஒன்றுதான் வந்து சேர்கிறது. மருத்துவர்கள் கைவிட்ட நோயாளி பிரார்த்தனையால் பிழைக்க, அதுவரை கடவுளை மறுத்துவந்த மருத்துவர் கண்ணீரோடு கைகூப்புவது ஒன்று. பிரார்த்தனையே போதும் என்று சிகிச்சையை மறுத்த குடும்பம் கடைசியில் தன் அறியாமையை உணர்ந்து மருத்துவரிடம் மன்னிப்புக் கேட்பது மற்றொன்று. எதிரெதிர்த் திசையில் போவதுபோல் தோன்றினாலும் இரண்டும் ஒரே பிழையைச் செய்கின்றன. நோயாளி பிழைத்தாரா, இறந்தாரா என்பதை வைத்து அவருடைய நம்பிக்கைக்குத் தீர்ப்பு எழுதிவிடுகின்றன.

ஆகவே, முதல் காட்சியைத் தொடங்கும் முன்பே ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள்: சிகிச்சையின் விளைவு எதுவாக இருந்தாலும், கடவுள் உண்டா என்ற கேள்விக்கு அது விடையாக அமையக் கூடாது. இதைச் சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. கதைச் சுருக்கத்தை எழுதி முடித்ததும், பிழைக்கும் நோயாளி இறப்பதாகவும், இறக்கும் நோயாளி பிழைப்பதாகவும் மாற்றிப் படியுங்கள். அப்படி மாற்றிய பிறகும் பாத்திரங்களின் மனமாற்றம் நம்பும்படி இருந்தால் கதை உறுதியான அடித்தளத்தில் நிற்கிறது. இல்லையென்றால், மனமாற்றம் என்று நீங்கள் கருதியது அற்புதத்துக்கோ ஆய்வுக்கூட முடிவுக்கோ பாத்திரம் காட்டிய எதிர்வினை மட்டுமே.

அடுத்து, நோயைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நம்பிக்கை நோயாளியின் கழுத்தில் தொங்கும் ஓர் அடையாளமாக மட்டும் இருந்தால் போதாது. சிகிச்சை பற்றிய ஒரு முடிவை அது நேரடியாகத் தொட வேண்டும். மூளைச்சாவு என்ற அறிவிப்பை ஏற்க மறுக்கும் குடும்பம், நோன்பைக் கைவிட விரும்பாத இன்சுலின் நோயாளி, பன்றியின் திசுவிலிருந்து செய்யப்பட்ட இதய வால்வு வேண்டாம் என்பவர் என இதற்குப் பல வாய்ப்புகள் உண்டு. மூளையின் நெற்றிப்பொட்டு மடலில் எழும் வலிப்பு நோயால் சிலருக்கு ஆழ்ந்த சமய அனுபவங்கள் ஏற்படுவதும் மருத்துவத்தில் பதிவானதே. ஆனால் அந்தக் கதை, நம்பிக்கையே ஒரு நோய்க்குறி என்ற இடத்துக்கு மிக எளிதாகச் சரிந்துவிடும் என்பதால், முதன்முறையாக இத்தகைய அத்தியாயத்தை எழுதுகிறவருக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

நான் பரிந்துரைப்பது ரத்தம் ஏற்றிக்கொள்ள மறுக்கும் நோயாளியின் கதையை. இது பழகிய களம் என்று சிலர் ஒதுக்குவார்கள். உண்மையில் இதன் உள்விவரங்கள் திரையில் அரிதாகவே முழுமையாக வந்திருக்கின்றன. யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் முழு ரத்தத்தையும், சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு, பிளாஸ்மா என்ற அதன் நான்கு முக்கியக் கூறுகளையும் ஏற்பதில்லை. ஆனால் ஆல்புமின், இம்யூனோகுளோபுலின், ரத்தம் உறைவதற்கான காரணிகள் போன்ற நுண்பகுதிகளை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் மனச்சாட்சிக்கு விடப்படுகிறது. அறுவையின்போது கசியும் நோயாளியின் சொந்த ரத்தத்தை உறிஞ்சி, சுத்திகரித்து, இடையறாத சுற்றில் திருப்பிச் செலுத்தும் இயந்திரத்தைப் பற்றியும் ஒவ்வொருவரும் தாமே முடிவெடுக்கிறார்கள். இதிலிருந்து எழுத்தாளருக்குக் கிடைக்கும் பயன் பெரிது. ஒரே சபையைச் சேர்ந்த கணவனும் மனைவியும் வெவ்வேறு இடங்களில் கோடு போட்டுக்கொள்ள முடியும். சமயம் என்பது மொத்தமாக விதிக்கப்பட்ட தடை என்ற பார்வையோடு வரும் மருத்துவர், தன் முன்னால் இருப்பவர் பல ஆண்டுகள் யோசித்துத் தனக்கென ஓர் எல்லையை வகுத்தவர் என்பதை அந்த உரையாடலில்தான் கண்டறிவார்.

மருத்துவப் பக்கமும் இதே அளவு வளமானது. பிரசவத்துக்குப் பின் கடுமையாக ரத்தம் இழந்த ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். பெண்களுக்கு ஹீமோகுளோபின் ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 12 கிராமுக்கு மேல் இருப்பது இயல்பு. பல மருத்துவமனைகளில் 7-க்குக் கீழே போனால் ரத்தம் ஏற்றுவார்கள். 5-க்கும் கீழே இறங்கும்போது இறப்பின் ஆபத்து வேகமாக உயர்கிறது. ரத்தம் ஏற்றாமல் மருத்துவர்கள் செய்யக்கூடியவை பல இருக்கின்றன. கசிவைக் குறைக்க டிரானெக்சாமிக் அமிலம் தருவார்கள், நரம்பு வழியே இரும்புச்சத்தும், சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொயட்டின் ஊசியும் செலுத்துவார்கள், உடலின் ஆக்சிஜன் தேவையைக் குறைப்பதற்காக மயக்கத்தில் வைத்துச் செயற்கைச் சுவாசம் கொடுப்பார்கள், பரிசோதனைக்கு எடுக்கும் ரத்தம் வீணாகாதபடி குழந்தைகளுக்கான சிறு குழாய்களைப் பயன்படுத்துவார்கள். எரித்ரோபொயட்டினின் பலன் ஹீமோகுளோபினில் தெரியச் சில நாட்களாவது ஆகும் என்பதே உங்கள் அத்தியாயத்தின் கடிகாரம். மருந்து கொடுத்தாகிவிட்டது, எண் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது, அதுவரை உடல் தாங்குமா என்ற அந்தக் காத்திருப்பில் மருத்துவரும் நோயாளியின் குடும்பமும் ஒரே நிலையில் இருக்கிறார்கள். இருவருமே செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, தங்கள் கையில் இல்லாத ஒன்றுக்காகக் காத்திருக்கிறார்கள். இந்த ஒப்புமையை யாரும் வசனமாகச் சொல்லிவிடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தைப் பற்றியும் எழுத்தாளர் தெளிவாக இருக்க வேண்டும், ஏனெனில் மருத்துவருக்கு எது சாத்தியம் என்பதை அதுதான் வரையறுக்கிறது. கனடாவில் விபத்துக்குப் பின் மயங்கிய நிலையில் கொண்டுவரப்பட்ட ஒரு பெண்ணிடம் ரத்தம் வேண்டாம் என்று எழுதிய அட்டை இருந்தும் மருத்துவர் ரத்தம் ஏற்றினார். அவர் உயிரைக் காப்பாற்றியிருந்தபோதிலும், அந்தப் பெண்ணுக்கு 20,000 டாலர் இழப்பீடு தர வேண்டும் என்ற தீர்ப்பை ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் 1990-இல் உறுதி செய்தது. குழந்தைகளின் நிலை வேறு. பெற்றோர் தம் நம்பிக்கைக்காகத் தாம் உயிர்த்தியாகம் செய்யலாம், பிள்ளைகளை அப்படிச் செய்ய வைக்க முடியாது என்ற கருத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1944-லேயே கூறியது. இங்கிலாந்தில் ரத்தப் புற்றுநோய் கண்ட 15 வயதுச் சிறுவனுக்கு நீதிமன்ற ஆணையின்பேரில் ரத்தம் ஏற்றப்பட்டது. வயது வந்த பிறகு நோய் திரும்பியபோது அவன் ரத்தத்தை மறுத்து இறந்தான். நோயாளியின் வயதை நிர்ணயிக்கும்போதே கதையின் போக்கையும் நிர்ணயித்துவிடுகிறீர்கள். வயதுவந்தவர் என்றால் மருத்துவர் கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டிய கதை, சிறுவர் என்றால் அது நீதிமன்றக் கதை. மனமாற்றத்தை எழுத முதல் வகையே ஏற்றது என்பது என் துணிபு.

இப்போது மாற்றத்துக்கு வருவோம். யார் மாறுகிறார், எந்த அளவுக்கு என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த வாக்கியத்தில் "நம்பத் தொடங்குகிறார்" என்றோ "நம்பிக்கையை இழக்கிறார்" என்றோ இருந்தால் அதை அழித்துவிட்டு இன்னும் சிறியதாக ஒன்றைத் தேடுங்கள். மனிதர்கள் சில நாட்களில் சமயம் மாறுவது அரிது. ஆனால் ஒரு கேள்வியைக் கேட்கும் விதம் மாறலாம். இந்தப் பிரசவக் கதையில் மயக்கவியல் மருத்துவர் முதல் சந்திப்பில் ஒப்புதல் படிவத்தை நீட்டி, "ரத்தம் ஏற்றாவிட்டால் நீங்கள் இறந்துபோகலாம், புரிகிறதா?" என்று மட்டும் கேட்டு, பதில் முழுமையாகும் முன்பே அறையை விட்டு வெளியேறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இறுதிப் பகுதியில் வேறொரு நோயாளியிடம், வேறொரு மறுப்பின் முன்னால், அதே மருத்துவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, "உங்களுக்கு எது முக்கியம் என்று சொல்லுங்கள்" என்று தொடங்கினால் மாற்றம் நிகழ்ந்துவிட்டது. அமெரிக்க மருத்துவர் கிறிஸ்டினா புச்சால்ஸ்கி உருவாக்கிய கேள்வி முறை இதற்கு உதவும். நோயாளியின் நம்பிக்கை எது, அது அவர் வாழ்க்கையில் எவ்வளவு முக்கியம், அவருக்குத் துணை நிற்கும் சமூகம் எது, சிகிச்சையில் இதை எப்படிக் கவனத்தில் கொள்ள வேண்டும் என்ற நான்கையும் அது கேட்கச் சொல்கிறது.

நோயாளியின் பக்கத்திலும் அசைவு வேண்டும். ஐயமே இல்லாத நம்பிக்கையாளர் பாத்திரமாக உயிர்பெறுவதில்லை. இங்கே உண்மையான மருத்துவ நடைமுறையே உங்களுக்கு ஒரு வலிமையான காட்சியைத் தருகிறது. ரத்தத்தை மறுக்கும் நோயாளியிடம் அந்த முடிவு அவருடையதுதானா என்பதைக் கணவர், உறவினர், சபை மூப்பர் எவரும் இல்லாமல் தனியாகக் கேட்க வேண்டும் என்பது நல்ல மருத்துவர்கள் கடைப்பிடிக்கும் முறை. அந்தத் தனிமையில் அவர் சற்றே தயங்கட்டும். குழந்தையை யார் வளர்ப்பார்கள் என்று கேட்கட்டும். பிறகு தன் முடிவில் நிற்கட்டும், அல்லது மாறட்டும். மாறினால் அதை ரகசியமாகக் காப்பது மருத்துவரின் கடமை என்பதால் கதைக்குப் புதிய சுமை ஒன்று சேர்கிறது. எந்த வழியில் சென்றாலும் அந்த முடிவுக்கு அவர் ஒரு விலை கொடுக்க வேண்டும்.

பிரார்த்தனைக் காட்சிகளைச் சுருக்கமாக எழுதுங்கள். நம்பிக்கை உள்ளவர்கள் தம் கொள்கையைப் பிறருக்கு விளக்கிக்கொண்டே இருப்பதில்லை. வழக்கமான நேரத்தில், வழக்கமான சொற்களில், பெரும்பாலும் களைப்போடு வேண்டிக்கொள்கிறார்கள். மருத்துவமனையின் ஆன்மிகப் பணியாளரைப் பாத்திரமாக்கினால் அவர் வாயில் பிரசங்கத்தைத் திணிக்காதீர்கள். உடன் அமர்ந்திருப்பதே அவர்களுடைய பணியின் பெரும்பகுதி.

மருத்துவ உண்மையில் சலுகை எடுத்துக்கொள்ளாமல் இருப்பது இந்த வகை அத்தியாயத்தில் வழக்கத்தைவிட முக்கியமானது. 1996-இல் வெளியான ஓர் ஆய்வு, அமெரிக்கத் தொலைக்காட்சியில் இதய மீட்புச் சிகிச்சை (CPR) பெற்றவர்களில் 75 சதவீதத்தினர் அப்போதைக்குப் பிழைத்ததைக் கணக்கிட்டது. மெய்யான மருத்துவமனைகளில் இதயம் நின்று, பின் வீடு திரும்புவோர் ஏறத்தாழ நான்கு அல்லது ஐந்து பேரில் ஒருவர்தான். இதயத் துடிப்பைக் காட்டும் கருவியில் நேர்கோடு தெரியும்போது மின் அதிர்ச்சி கொடுப்பதும் தவறு. முற்றிலும் நின்ற இதயத்துக்கு அது பயனளிக்காது. சாதாரணச் சிகிச்சையையே அற்புதமாகக் காட்டிவிட்டால், அற்புதத்துக்காக வேண்டுகிறவரின் கேள்விக்கு எடை இல்லாமல் போகிறது. பிரார்த்தனையை ஆய்வால் நிரூபிக்கும் வசனங்களையும் தவிர்க்கலாம்: 1,802 இதய அறுவை நோயாளிகளிடம் நடந்து 2006-இல் வெளியான பெரிய ஆய்வில், அறிமுகமற்றோர் செய்த வேண்டுதலால் சிக்கல்கள் குறையவில்லை. இதைக் கேட்டு நம்பிக்கையை விட்டுவிடும் நோயாளியை நான் கண்டதில்லை. அவர்கள் வேண்டுவது அந்த வகை ஆதாரத்துக்காக அல்ல.

கதையமைப்பில் சொல்ல அதிகமில்லை. விளம்பரங்கள் நீங்கலாக 42 நிமிடம் அளவுள்ள அத்தியாயத்தில் மறுப்பை முதல் பகுதியின் முடிவிலும், தனிமை உரையாடலை நடுவிலும், காத்திருப்பை அதன் பின்னும் வையுங்கள். துணைக்கதையில் சமயம் வேண்டாம். மருத்துவர் பிறர் சொல்வதைக் கேட்கத் தவறும் வேறொரு இடம் அதில் இருந்தால் போதும்.

எழுதி முடித்த பிரதியை இருவரிடம் கொடுங்கள். ஒருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் மருத்துவரோ செவிலியரோ ஆக இருக்கட்டும். எந்த இடத்தில் தாம் வேறு விதமாகச் செயல்பட்டிருப்பார் என்று அவரிடம் கேளுங்கள். மற்றவர் நீங்கள் எழுதிய சமயத்தைக் கடைப்பிடிப்பவராக இருக்க வேண்டும். பிழை உண்டா என்று மட்டும் அவரிடம் கேட்டால் மரியாதைக்காக இல்லை என்று சொல்லிவிடக்கூடும்; ஆகவே, எந்த வரியைத் தம் வீட்டில் யாரும் பேச மாட்டார்கள் என்று கேளுங்கள், அவர் காட்டும் வரிகளை வாதாடாமல் திருத்துங்கள்.