பேறுகாலத்தில் அரிதாக வரும் ஆபத்துகள்: வீட்டுக்குள் நேரும் தவறுகள்

கர்ப்பத்திலும் பிரசவத்திலும் அரிதாக வரும் சிக்கல்கள் பெரும்பாலும் தலைவலி, அரிப்பு, நாள் தள்ளிப் பட்ட தீட்டு என்று தினமும் கேட்டுப் பழகிய தொந்தரவுகளாகவே முதலில் தலைகாட்டுகின்றன. வீட்டுப் பெரியவர்கள் அதற்குச் சூடு என்றோ பித்தம் என்றோ ஒரு பெயர் வைத்துவிடுகிறார்கள். பெயர் கிடைத்தவுடன் கவலையும் அடங்கிவிடுகிறது. எங்கள் வேலூர் வட்டாரத்தில் மருத்துவமனைக்குக் குறைவில்லை: அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கடர் 1900ஆம் ஆண்டு ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய சி.எம்.சி. மருத்துவமனை வேலூர் நகரிலும், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அடுக்கம்பாறையிலும் இருக்கின்றன. ஜவ்வாது மலைக் கிராமங்களை விட்டுவிட்டுப் பார்த்தால், இங்கே தாமதம் சாலையில் நேர்வதைவிட வீட்டுக்குள் நேர்வதே அதிகம்.

வீட்டுக்குள் நேரும் தவறுகளுள் மிகக் கெடுதலானது, பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரை அளந்து கொடுப்பது. சித்திரை வெயிலில் ஜன்னலைச் சாத்தி, காதில் பஞ்சை அடைத்து, பச்சை உடம்பு என்று சொல்லி வேளைக்கு அரை டம்ளர் வெந்நீர் மட்டும் கொடுக்கும் வீடுகள் குடியாத்தம், ஆம்பூர்ப் பக்கம் இன்றும் உண்டு. பிரசவத்தில் இரத்தம் வீணாகாமல் இருக்க, கர்ப்பிணியின் இரத்தம் இயல்பாகவே எளிதில் உறையும் தன்மையைப் பெறுகிறது. பிரசவத்துக்குப் பிறகும் சில வாரங்கள் அது நீடிக்கும். அதோடு உடலில் நீரும் வற்றினால், மூளையிலிருந்து இரத்தத்தை வெளியேற்றும் சிரைகளில் இரத்தம் கட்டியாக உறைந்து அடைத்துக்கொள்ளக்கூடும். நாளுக்கு நாள் கூடும் தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், ஒரு பக்கக் கை மரத்துப்போதல், பிறகு வலிப்பு என்று அது வளரும். வலிப்பு வந்த பிறகும் ஜன்னி என்றும் காத்து கருப்பு என்றும் மந்திரிக்க அழைத்துப் போவதில் கழியும் நேரம் திரும்பக் கிடைப்பதில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்துக் கண்டறிந்து, உறைவைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசியை உரிய நேரத்தில் தொடங்கினால் பெரும்பாலோர் நன்றாகத் தேறிவிடுகிறார்கள்.

சிசேரியன் ஆனவர்கள், முதுகில் போட்ட மயக்க ஊசிதான் தலைவலிக்குக் காரணம் என்று இருந்துவிடுவதும் உண்டு. அந்த வலி பொதுவாக எழுந்து உட்கார்ந்தால் கூடும், மல்லாந்து படுத்தால் குறையும். படுத்தும் குறையாத தலைவலி வேறு வகை. பிரஷர் பிரசவத்தோடு போய்விடும் என்று நம்புவதும் தவறு. பிரசவமாகி ஆறு வாரம் வரை அது ஏறி வலிப்பில் கொண்டுபோய் விடலாம். எனவே மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி விழுங்காமல், மருத்துவரிடம் போய், பிரசவமாகி எத்தனை நாள் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும்.

குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் முடிந்துவிட்டது, இனிக் கர்ப்பத்துக்கு வழியே இல்லை என்ற நிச்சயமும் ஆபத்தானதுதான். மிகச் சிலருக்கு அந்த ஆபரேஷன் தவறுவதுண்டு. அப்படித் தவறினால் கரு கர்ப்பப்பைக்கு வெளியே, கருக்குழாயில் தங்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். நாள் தள்ளி, கொஞ்சமாகத் தீட்டுப் பட்டு, அடிவயிற்றில் ஒரு பக்கம் வலித்தால், தள்ளிப்போன மாதவிடாய் என்று விட்டுவிடாமல் சிறுநீர்ப் பரிசோதனை செய்து பார்ப்பது அவசியம். குழாய் வெடித்து வயிற்றுக்குள் இரத்தம் தேங்கினால் தோள்பட்டையில் வலி தோன்றும். வயிற்று நோய்க்கு அங்கே எப்படி வலிக்கும் என்று யாரும் நினைப்பதில்லை. மயக்கமும் வந்துவிட்டால் 108-ஐ அழைப்பதற்கு யோசிக்கவே கூடாது.

ஏழாம் மாதத்துக்குப் பிறகு, தடிப்பு எதுவும் இல்லாமல் உள்ளங்கையும் உள்ளங்காலும் இரவில் அரித்தால், அது கல்லீரலில் பித்தநீர் தேங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். வீட்டில் பித்தம் என்கிறார்களே, அந்தச் சொல் ஏறக்குறைய சரிதான். வேப்பிலை அரைத்துப் பூசுவதுதான் பொருந்தவில்லை. இரத்தத்தில் பித்த அமிலம் லிட்டருக்கு 100 மைக்ரோமோலைத் தாண்டினால் வயிற்றிலேயே குழந்தை இறக்கும் அபாயம் கூடுவதால், அளவைப் பார்த்துப் பிரசவ நாளை முன்கூட்டியே முடிவு செய்வார்கள்.

படுத்தால் மூச்சுத் திணறி எழுந்து உட்கார்வதைப் பலவீனம் என்று சொல்லிச் சத்து டானிக் கொடுக்கக் கூடாது. கடைசி மாதத்திலிருந்து பிரசவத்துக்குப் பின் ஐந்து மாதம் வரை இதயத் தசை தளரும் நோய் ஒன்று உண்டு. இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கும் எக்கோ பரிசோதனை அதைக் காட்டிவிடும்.

முந்தைய சிசேரியன்களின் எண்ணிக்கையை மறைப்பதோ, பழைய சீட்டைத் தொலைப்பதோ சிறிய விஷயமல்ல. நஞ்சு, அதாவது நஞ்சுக்கொடி, கர்ப்பப்பையின் வாயருகே இறங்கியிருக்கும் பெண்களில், ஏற்கெனவே ஒரு சிசேரியன் ஆனவர்களில் நூற்றுக்குச் சுமார் 11 பேருக்கும், இரண்டு ஆனவர்களில் சுமார் 40 பேருக்கும் அது பழைய தழும்பில் வேரூன்றிப் பிரியாமல் நின்றதாக ஒரு பெரிய ஆய்வு காட்டியது. இரத்தம் பெருகி ஓடக்கூடிய இத்தகைய பிரசவத்தை, இரத்த வங்கி இல்லாத சிறிய நர்சிங் ஹோமில், வீட்டுக்குப் பக்கம் என்பதற்காக வைத்துக்கொள்ளக் கூடாது.

முத்துப்பிள்ளை கர்ப்பத்தில், கருவுக்குப் பதிலாக நஞ்சுத் திசு திராட்சைக் குலை போல வளர்கிறது. கர்ப்பப்பையைச் சுத்தம் செய்தாயிற்று, முடிந்தது என்று தாய்வீட்டிலிருந்து கணவன் ஊருக்குப் போய்விட, பரிசோதனை ஃபைல் பீரோவிலேயே கிடந்துவிடுகிறது. மிச்சமிருக்கும் திசு புற்றாகி நுரையீரல் வரை பரவக்கூடும் என்பதால்தான் நஞ்சுத் திசு சுரக்கும் ஹெச்.சி.ஜி. என்ற ஹார்மோனின் அளவைப் பார்க்கும் இரத்தப் பரிசோதனையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்கிறார்கள். பரவினாலும் மருந்தால் பெரும்பாலும் குணமாகும் புற்று இது. இடையில் மறுபடி கருவுற்றால் அந்த அளவு எதனால் ஏறுகிறது என்று பிரித்தறிய முடியாமல் போகும். ஆகவே மருத்துவர் சொல்லும் மாதம் வரை கருத்தடை வேண்டும், ஃபைலும் கூடவே போக வேண்டும்.