மின்தூண்டம்: பழைய அலகை ஹென்றிக்கு மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய ரேடியோக்களைச் சீர்செய்யக் கற்றுக்கொள்கிறவர்கள் காயிலின் மின்தூண்டத்தைப் பழைய அலகிலிருந்து இன்றைய அலகான ஹென்றிக்கு மாற்றும்போது தடுமாறுவது அநேகமாக ஒரே இடங்களில்தான். தொடக்கத்தில் எனக்கும் பிடிபடாமல் இருந்த இடங்கள் அவை. மில்லிக்கு ஆயிரம், மைக்ரோவுக்குப் பத்து லட்சம் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அதில் தவறுகிறவர் இன்னொரு முறை கணக்குப் போட்டதும் தாமே திருத்திக்கொள்வார். ஆயிரம் மடங்கு தப்பினால் விடையே கண்ணை உறுத்தும். பத்து சதவீதம் தப்பினால் உறுத்தாது. சரி என்று நம்பி வேலையைத் தொடங்கிவிடுவோம். பொருளைக் கெடுப்பது இந்த இரண்டாவது வகை.

காயிலின் செ.மீ. வேறு, கண்டன்சரின் செ.மீ. வேறு

பழைய ஜெர்மன், சோவியத் சர்க்யூட் படங்களில் காயிலுக்கும் செ.மீ., கண்டன்சருக்கும் செ.மீ. என்று போட்டிருப்பார்கள். நீளத்தை அளக்கும் அலகு இங்கே எப்படி வந்தது என்று முதலில் குழம்புவது இயல்பு. சென்டிமீட்டர்-கிராம்-வினாடி முறைக்குள் இரண்டு கிளைகள் உண்டு: நிலைமின் முறை, மின்காந்த முறை. நிலைமின் முறையில் மின்தேக்குத் திறனுக்கு நீளத்தின் பரிமாணம் வருகிறது. தனித்து நிற்கும் 1 செ.மீ. ஆரமுள்ள உலோக உருண்டையின் தேக்குத் திறன் 1 செ.மீ.; இன்றைய கணக்கில் 1.1126 பிகோஃபாரட். மின்காந்த முறையிலோ மின்தூண்டத்துக்குத்தான் நீளத்தின் பரிமாணம். அங்கே 1 செ.மீ. என்றால் 1 நானோஹென்றி. சில நூல்கள் இதையே அப்ஹென்றி என்கின்றன.

அதாவது கண்டன்சருக்கு 1.11 உண்டு, காயிலுக்குக் கிடையாது. இவ்வளவுதான் விஷயம். இதில் எத்தனை காயில்கள் வீணாகின்றன என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

ஒரு இளைஞர் மீடியம் வேவ் செட் ஒன்றைச் சீர்செய்துகொண்டிருந்தார். படத்தில் காயில் 2,00,000 செ.மீ., வேரியபிள் கண்டன்சர் 500 செ.மீ. கண்டன்சரை 556 பிகோஃபாரட் என்று சரியாகவே மாற்றினார். அதே கையோடு காயிலையும் 1.11-ஆல் பெருக்கி 222 மைக்ரோஹென்றி என்று எழுதிக்கொண்டார். மீட்டரில் வைத்துப் பார்த்தால் 200 காட்டியது. எங்கோ சுற்றுகள் ஷார்ட் ஆகியிருக்க வேண்டும் என்று முடிவு கட்டி, பட்டு நூல் போர்த்திய லிட்ஸ் கம்பியை (தனித்தனியே காப்பிட்ட மெல்லிய இழைகளை முறுக்கிச் செய்தது) அறுத்து எடுத்துவிட்டு, எனாமல் கம்பியில் ஐந்து சதவீதம் கூடுதலாகச் சுற்றிவிட்டார். மின்தூண்டம் சுற்றுகளின் வர்க்கத்தோடு ஏறுவதால் மீட்டர் 222-க்குப் பக்கத்தில் காட்டியது. அவருக்குத் திருப்தி.

டயல்தான் ஒத்துவரவில்லை. 1,000 கிலோஹெர்ட்ஸ் நிலையம் ஏறத்தாழ 1,055-இல் கேட்டது. அதைச் சரிக்கட்ட டிரிம்மர் என்ற சிறு திருத்தக் கண்டன்சரைத் திருகினார். ஒரு முனை சரியானால் மறுமுனை ஓடியது. நிலையங்களைப் பிரித்தெடுக்கும் கூர்மையும் குறைந்தது, ஏனென்றால் இந்த அதிர்வெண்களில் ஒற்றைக் கம்பியின் இழப்பு லிட்ஸைவிட அதிகம். பழைய காயில் கடைசிவரை நன்றாகத்தான் இருந்தது. அறுத்த கம்பியைத் திரும்ப ஒட்டவா முடியும்?

அந்தக் காலத்தவர் இரண்டு கிளைகளையும் ஏன் கலந்தார்கள் என்று தெரிந்திருந்தால் அவர் கத்திரியை எடுத்திருக்கமாட்டார். இரண்டு எண்களையும் செ.மீ.-இலேயே பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, இரண்டு பையால் பெருக்கினால் அலைநீளம் நேரே செ.மீ.-இல் வந்து நிற்கும். ஒளியின் வேகம் இரண்டு முறைகளுக்கும் இடையிலேயே அடங்கிவிடுகிறது. இந்தப் படத்தில் 2,00,000-ஐ 500-ஆல் பெருக்கினால் பத்துக் கோடி. வர்க்கமூலம் 10,000. இரண்டு பை மடங்கு 62,832 செ.மீ., அதாவது 628 மீட்டர், 477 கிலோஹெர்ட்ஸ். கண்டன்சர் முழுதாக மூடியிருக்கும்போது மீடியம் வேவ் செட்டில் எதிர்பார்க்கக்கூடிய இடம்தான் இது. 222 மைக்ரோஹென்றியை வைத்துக் கணக்கிட்டால் 662 மீட்டர் வரும். மீட்டரில் அலைநீளம் அச்சிட்ட டயல் கண்ணெதிரே இருக்கும்போது இந்தச் சரிபார்ப்புக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. காயிலில் கை வைக்குமுன் இதைச் செய்துவிடுங்கள்.

ஸ்டாட்ஹென்றி

இது நிலைமின் முறையின் மின்தூண்ட அலகு. அலகு மாற்றும் பட்டியலில் கண்டால் விட்டுவிடுங்கள். 1 ஸ்டாட்ஹென்றி ஏறத்தாழ 90,000 கோடி ஹென்றி.

ஏ.எல். மதிப்பின் இரண்டு வழக்கங்கள்

ஒரு கோரில் சுற்றினால் எவ்வளவு மின்தூண்டம் கிடைக்கும் என்று சொல்வதுதான் ஏ.எல். மதிப்பு. ஃபெரைட் கோர்களுக்கு ஒரு சுற்றின் வர்க்கத்துக்கு இத்தனை நானோஹென்றி என்று தருவார்கள். இரும்புத்தூள் வளையங்களுக்கு 100 சுற்றுக்கு இத்தனை மைக்ரோஹென்றி என்பது பழைய வழக்கம். இரண்டுக்கும் நடுவே பத்து மடங்கு வித்தியாசம். டி50-2 வளையத்துக்குப் பழைய பட்டியலில் 49, புதியதில் 4.9, பொருள் ஒன்றே. 4.9 மைக்ரோஹென்றி வேண்டுமானால் 32 சுற்று. 49-ஐ நானோஹென்றி என்று படித்தவர் 10 சுற்றோடு நிறுத்துவார்.

அங்குலச் சூத்திரத்தில் செ.மீ.

வீலர் 1928-இல் தந்த ஒற்றையடுக்குக் காயில் சூத்திரம் அங்குலத்தில் அமைந்தது. செ.மீ. போட்டால் விடை 2.54 மடங்கு பெருகும்.

பழைய சூத்திரம், புதிய மாறிலி

பழைய நூலின் சூத்திரத்தில் நான்கு பை ஏற்கெனவே இருக்கும். புதிய மாறிலியான வெற்றிடத்தின் காந்த ஊடுருவு திறனிலும் அது இருக்கிறது. இரண்டையும் சேர்க்காதீர்கள்.

பெயர் ஒன்று, அளவு சற்றே வேறு

1948-க்கு முந்தைய ஆய்வகச் சான்றிதழில் உள்ள ஹென்றி பெரும்பாலும் 'சர்வதேச ஹென்றி'. அது இன்றைய ஹென்றியைப் போல 1.00049 மடங்கு. ரேடியோ வேலையில் இதற்காக மெனக்கெட வேண்டாம். கையடக்க மீட்டரின் பிழையே இதைவிடப் பெரியது. தர அளவுச் சுருளைச் சோதிக்கிறவர் மட்டும் விட்டுவிடக்கூடாது.

1893-இல் சிகாகோ மாநாடு ஹென்றி என்ற பெயரை ஏற்பதற்கு முந்தைய தாள்களில் 'குவாட்ரன்ட்', 'செக்கோம்' என்று இருக்கும். குவாட்ரன்ட் என்பது நூறு கோடி செ.மீ.; செக்கோம் என்பது ஒரு ஓமை ஒரு வினாடியால் பெருக்கியது. ஏட்டளவில் இரண்டும் ஒரு ஹென்றிதான். ஆனால் செக்கோமில் வந்த அளவு எந்த ஓமை நம்பி எடுக்கப்பட்டது என்று பார்க்க வேண்டும். பிரிட்டிஷ் அறிவியல் சங்கத்தின் ஓம், பின்னாளைய சர்வதேச ஓமைவிட ஏறத்தாழ 1.3 சதவீதம் சிறியது. 1884-இன் 'சட்ட ஓம்' 0.3 சதவீதம் சிறியது. அளந்தவர் எந்த மின்தடைப் பெட்டியைப் பயன்படுத்தினார் என்று தாளில் குறிப்பிட்டிருந்தால் அதற்கேற்பத் திருத்துங்கள். குறிப்பிடாவிட்டால் விடையில் மூன்றாவது இலக்கத்தை எழுதாதீர்கள்.