வயிற்றுப்பட்டை: எதற்கு எது, எப்படிக் கட்டுவது

‘பெல்லி பேண்ட்’ என்ற ஒரே பெயரில் கர்ப்பிணிகளுக்கான பட்டை, பிரசவித்தவர்களுக்கான பட்டை, ஆண் நாய்க்குக் கட்டும் துணி, புத்தகத்தைச் சுற்றும் தாள் ஆகிய எல்லாமே விற்கப்படுவதால், வாங்குவதற்கு முன் நமக்கு வேண்டியது எது என்று தெளிந்துகொள்வது அவசியம்.

கர்ப்பகாலப் பட்டையிலேயே இரு வகைகள் உண்டு. குழாய் வடிவில் தைத்த மெல்லிய மீள்துணி, பொத்தான் போட முடியாமல் போன பழைய கால்சட்டையின் இடுப்பை மூடி, அது நழுவாமல் பிடித்துக்கொள்ள மட்டுமே உதவும். அதிலிருந்து முதுகுவலிக்கு நிவாரணம் எதிர்பார்க்கக் கூடாது. ஒட்டுப்பட்டையுடன் கூடிய அகலமான தாங்கு பெல்ட்தான், வயிற்றின் பாரத்தைக் கீழிருந்து ஏந்தி, இடுப்புக்கும் கீழ்முதுகுக்கும் சற்று ஓய்வு தருகிறது. பலர் இதை வயிற்றின் நடுவில் இறுக்கிக் கட்டிவிடுகிறார்கள், அது தவறு. முதுகுப்புறம் இடுப்பெலும்பின் மேல் படியவைத்து, முன்புறம் வயிற்றின் அடிவளைவுக்குக் கீழே கொண்டுவந்து ஒட்ட வேண்டும். பட்டைக்கும் உடலுக்கும் இடையே இரண்டு விரல்கள் எளிதாக நுழைய வேண்டும். நடக்கும்போதும் நின்று வேலை செய்யும்போதும் இரண்டு மூன்று மணி நேரம் அணிந்துவிட்டுக் கழற்றிவிடுவது நல்லது, தூங்கும்போது வேண்டாம். மூச்சுத்திணறல், நெஞ்செரிச்சல், மரத்துப்போதல், தலைசுற்றல் இவற்றில் எது தோன்றினாலும் உடனே கழற்றுங்கள். கழற்றிய பிறகும் நீடித்தால் மருத்துவரிடம் செல்லுங்கள்.

பிரசவத்துக்குப் பின், குறிப்பாகச் சிசேரியன் ஆனவர்களுக்கு, எழுந்து நடக்கும்போதும் இருமும்போதும் வயிற்றுக்குப் பிடிமானம் இருப்பது பெரிய ஆறுதல். தையல் போட்ட இடம் உலர்ந்திருக்கிறதா என்று பார்த்து, மருத்துவர் அனுமதித்த பிறகே கட்ட வேண்டும். இது கொழுப்பைக் கரைக்காது, விலகிய வயிற்றுத் தசையையும் தானாகச் சேர்த்துவிடாது. அதற்குப் பயிற்சிதான் வழி. உடல் தேறிவரும் தாயிடம் வேறுவிதமாகச் சொல்லி விற்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. பச்சிளங்குழந்தைக்கோ பட்டையே தேவையில்லை. தொப்புள்கொடியின் எச்சம் காற்றுப்பட உலர்ந்து, பெரும்பாலும் 1 முதல் 3 வாரங்களுக்குள் தானே விழுந்துவிடும். துணியைச் சுற்றினால் ஈரம் தங்கிக் கிருமி சேரலாம்.

ஆண் நாய்க்கான பட்டை, சிறுநீர் தெளித்து இடத்தைக் குறிக்கும் பழக்கமுள்ள நாய்க்கும், சிறுநீரை அடக்க முடியாத முதிய நாய்க்கும் பயன்படுகிறது. பின்னங்கால்களுக்குச் சற்று முன்னால், ஆணுறுப்பை மூடும்படி இடுப்பின் சுற்றளவை அளந்து வாங்கி, உள்ளே உறிஞ்சும் திண்டு வையுங்கள். நனைந்தவுடன் மாற்றித் தோலைத் துடைத்து உலர்த்தாவிட்டால் புண்ணாகிவிடும். வெளியே அழைத்துச் செல்லும்போது கழற்ற மறக்காதீர்கள். வீட்டுக்குள் சிறுநீர் கழிக்கும் பழக்கமே இல்லாத நாய் திடீரென்று அப்படிச் செய்தால், சிறுநீர்த் தொற்றோ நீரிழிவோ காரணமாக இருக்கலாம் என்பதால், பட்டை கட்டுவதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

புத்தகத்துக்கோ பெட்டிக்கோ தாள் பட்டை செய்வது எளிது. அகலத்தையும் தடிமனையும் கூட்டி, இரண்டால் பெருக்கி, ஒட்டுவதற்கு 1.5 செ.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள்: 14 செ.மீ. அகலமும் 2 செ.மீ. தடிமனும் உள்ள புத்தகத்துக்கு 33.5 செ.மீ. நீளம் வேண்டும். பசையைத் தாளின் முனைகளில் மட்டும் தடவுங்கள். அட்டையில் பட்டால் கறை படிந்துவிடும்.