ரப்பர் ஈட்டித் துப்பாக்கி: வாங்கும் முன் சோதிப்பது எப்படி?

டர்பன் பக்கம் மீன்பிடி என்றாலே நம் ஆட்களுக்கு வலையும் தூண்டிலும்தான் நினைவுக்கு வரும். தாத்தா காலத்துக் கரைவலைக் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. ஆனால் சாட்ஸ்வொர்த், மியர்பேங்க் பக்கத்துத் தம்பிகள் சிலர் என்னிடம் கேட்பது வேறு: "அண்ணா, பழைய ஸ்பியர்கன் (தண்ணீருக்குள் மீனைக் குத்தும் ஈட்டித் துப்பாக்கி) ஒன்று விலைக்கு வருகிறது, எடுக்கலாமா?" அடுத்த கேள்வியும் தெரிந்ததுதான், எவ்வளவு தூரம் அடிக்கும் என்று கேட்பார்கள். தூரத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். ட்ரிகர் நம்பகமாகப் பிடிக்கிறதா, உங்கள் கையால் ரப்பரை இழுத்து மாட்ட முடிகிறதா, ஐந்து முறை சுட்டால் ஐந்தும் ஏறக்குறைய ஒரே இடத்தில் போய்க் குத்துகிறதா, இந்த மூன்றையும்தான் முதலில் பார்க்க வேண்டும். கீழே உள்ள வரிசை அதற்காகத்தான்.

ஒரு விதியை இப்போதே சொல்லிவிடுகிறேன். ரப்பர் பூட்டிய, அதாவது ரப்பரை இழுத்து ஈட்டியில் மாட்டிய, துப்பாக்கியைத் தண்ணீருக்கு வெளியே வைத்திருக்கக் கூடாது. வீட்டு முற்றத்திலோ படகுத் தளத்திலோ "சும்மா ஒரு தடவை" என்று சுட்டுப் பார்க்கவே கூடாது. தண்ணீரின் தடை இல்லாததால் ஈட்டி எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது, ஈட்டியைத் துப்பாக்கியோடு கட்டியிருக்கும் நூல் இழுத்துத் திரும்பி உங்கள் முகத்துக்கே வரலாம், துப்பாக்கியும் கெட்டுப்போகும்.

படி 1: ரப்பரைக் கழற்றிவிட்டுக் குழாயையும் ஈட்டியையும் பாருங்கள்

முதல் வேலை எல்லா ரப்பரையும் கழற்றுவது. விற்பவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

குழாயைக் கண்ணுக்கு நேரே பிடித்து, கைப்பிடி முனையிலிருந்து மறுமுனை வரை ஒரு கண்ணால் பாருங்கள். வளைவு, நசுக்கல், அலுமினியம் என்றால் உப்பரித்து வெள்ளையாகப் பூத்த இடம், இவை எல்லாம் தெரியும். நம் ஊரில் அதிகம் கிடைப்பது குழாயின் மேலேயே ஈட்டிக்கு ஒரு நீண்ட தடம் ஓடும் வகை. டர்பனில் தயாராகும் ராப் ஆலன் துப்பாக்கிகள் இந்த வகையால்தான் பேர் வாங்கின. அந்தத் தடத்தில் விரல் நகத்தை வைத்து முழு நீளமும் ஓட்டுங்கள். நகம் தடுக்கும் இடத்தில் ஈட்டியும் தடுக்கும்.

அப்புறம் ஈட்டி. பெரும்பாலும் 6.5 முதல் 7.5 மி.மீ கனம், குழாயைவிடச் சுமார் 35 முதல் 45 செ.மீ நீளம். சமமான கண்ணாடி மேசையில் உருட்டிப் பார்த்தால் வளைவு உடனே காட்டிக் கொடுத்துவிடும், நடுவில் வெளிச்சம் தெரியும், தட்டித் தட்டி உருளும். வளைந்த ஈட்டியை நிமிர்த்தலாம் என்பார்கள். செலவு பார்க்காமல் புதிதாக வாங்கிவிடுங்கள், ஏனென்றால் குறி தவறுவதற்கு ஈட்டியின் வளைவு ஒன்றே போதும், அதை வைத்துக்கொண்டு மற்ற எதைச் சோதித்தும் பயனில்லை. மீன் கழன்றுவிடாமல் விரியும் முள் தளர்வாக ஆட வேண்டும், ஆனால் அதன் ஆணி ஆடக்கூடாது. ரப்பரின் நடுவிலுள்ள கயிற்றுக் கண்ணி மாட்டும் காடிகளில் (ஈட்டியில் உள்ள வெட்டுகள்) பிசிறு இருக்கிறதா என்று ஒரு பஞ்சுத் துண்டைத் தேய்த்துப் பாருங்கள். பஞ்சை இழுக்கும் பிசிறு கண்ணிக் கயிற்றையும் அறுக்கும், அறுந்தால் அந்த ரப்பர் வந்து அடிப்பது உங்கள் விரலில்தான்.

படி 2: ட்ரிகர்

இதில்தான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வேன். ஈட்டியின் பின்முனையைச் செருகுங்கள், "டிக்" என்று தெளிவாகக் கேட்க வேண்டும், கொழகொழவென்று உள்ளே போனால் சந்தேகப்படுங்கள். ஈட்டி முனைக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று, கையுறையோடு ஈட்டியைப் பிடித்து முன்பக்கமாக நன்றாக இழுங்கள். அப்படி இழுத்துப் பிடித்திருக்கும்போதே இன்னொருவரைக் கைப்பிடியின் பின்பக்கத்தை உள்ளங்கையால் நாலு தட்டுத் தட்டச் சொல்லுங்கள். விடக் கூடாது. அப்புறம் சேஃப்டியை (ட்ரிகரைத் தடுக்கும் பூட்டை) போட்டு ட்ரிகரை அழுத்துங்கள், அப்போதும் விடக் கூடாது. விரலை எடுத்துவிட்டு சேஃப்டியை மெதுவாகத் தள்ளி விடுவியுங்கள், இந்த இடத்தில் தானாகவே ஈட்டி விடுபட்டால் அந்தத் துப்பாக்கியை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள், என்ன விலை குறைத்தாலும் சரி.

கடைசியாக, ஈட்டியை லேசாக முன்னுக்கு இழுத்தபடி ட்ரிகரை மெல்ல அழுத்துங்கள். மணல் நெருடுவது போல இருந்தால் நல்ல தண்ணீரில் அலசிவிட்டு மறுபடி பாருங்கள், பாதி நேரம் உண்மையிலேயே மணல்தான். அலசியும் நெருடினால் உள்ளே பிடிக்கும் கொக்கியின் விளிம்பு மழுங்கியிருக்கலாம். இதை இருபது முறையாவது செய்யுங்கள். இருபதில் ஒரு தடவை தானாக விட்டாலும் அது தேறாது. கையால் இழுப்பது ரப்பரின் இழுவைக்கு ஈடாகாது என்பதால் இந்தச் சோதனையில் தேறியது தண்ணீரிலும் ஒருமுறை தேற வேண்டும்.

துப்பாக்கியின் பக்கத்தில் நூலைப் பிடித்திருக்கும் சின்ன நெம்புகோல் ட்ரிகரோடு சேர்ந்து சுலபமாகத் திரும்புகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: ரப்பரும் உங்கள் தோளும்

பழைய துப்பாக்கி என்றால் ரப்பரைச் சோதிக்கவே வேண்டாம், மாற்றிவிடுங்கள். வெயில் அதைத் தின்றுவிடும். புதிது வாங்கும்போது கனத்தையும் நீளத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 14, 16, 20 மி.மீ என்று கிடைக்கும். ஆரம்பத்தில் 16 மி.மீ ஒன்று போதும் என்பது என் கட்சி. 20-ஐ வாங்கி வீறாப்பாக மாட்டியவர்கள் மூன்றாவது தடவை பூட்டுவதற்குள் மூச்சு வாங்கி, இதயம் படபடக்க, மீனைத் தேடவே தெம்பில்லாமல் மிதப்பதைப் பார்த்திருக்கிறேன்.

நீளத்துக்கு ஒரு கணக்கு. ரப்பர் செருகியிருக்கும் முன்துளையிலிருந்து கடைசிக் காடி வரை அளந்து, மூன்று அல்லது மூன்றரையால் வகுங்கள். 110 செ.மீ துப்பாக்கியில் அந்த அளவு 98 செ.மீ வந்தது என்று வையுங்கள். மூன்றரையால் வகுத்தால் ஒரு பக்கத்துக்கு 28, இரண்டு பக்கமும் சேர்த்து வெட்ட வேண்டிய ரப்பர் 56 செ.மீ. முதல் முறை மூன்றால் வகுத்து நீளமாகவே வெட்டுங்கள், குறைப்பது எப்போதும் கையில் இருக்கிறது.

படி 4: தண்ணீரில்

முதலில் காகிதம். தென்னாப்பிரிக்காவின் கடல்வாழ் வளங்கள் சட்டம் 1998-இன் கீழ் பொழுதுபோக்கு மீன்பிடிக்கு உரிமம் வேண்டும், ஈட்டிக்கு அதில் தனிப் பிரிவு உண்டு. மூச்சுக் காற்று சிலிண்டர் மாட்டிக்கொண்டு ஈட்டியால் மீன் பிடிக்கக் கூடாது, பிடித்ததை விற்கவும் கூடாது. பொட்டேட்டோ பாஸ், பிரிண்டில் பாஸ் என்னும் பெரிய களவாக்களைத் தொடவே கூடாது. அலிவால் ஷோல் போன்ற பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் எந்த மண்டலத்தில் என்ன அனுமதி என்று பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

கோடை மழையில் உம்கேனி ஆறு கொட்டும் பழுப்புத் தண்ணீரில் எதையும் சோதிக்க முடியாது. குளிர்காலத்தில், அலை அடங்கிய நாளாகப் பார்த்து, ஆட்கள் குளிக்காத மணல்தரை இடமாகத் தேர்ந்தெடுங்கள். நீச்சல் குளத்தில் வேண்டாம், ஓடு உடையும், ஈட்டியும் திரும்பி வரும். கூட ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும், அவர் எப்போதும் உங்களுக்குப் பின்னால்தான். மேலே மிதவையும் வேண்டும், ஸ்கீபோட் (சின்ன மோட்டார் மீன்பிடிப் படகு) ஓட்டுபவர்கள் உங்களைப் பார்ப்பது அதை வைத்துத்தான்.

பூட்டுவதற்கு முன்னால் துப்பாக்கியைத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். ஈட்டியோடு கிட்டத்தட்ட மட்டமாக நிற்க வேண்டும், முன்பக்கம் தலை குப்புறக் கவிழ்ந்தால் அரை மணி நேரத்தில் மணிக்கட்டு வலிக்கும். ஈட்டி இல்லாமல் மிதக்க வேண்டும். கையை நீட்டிப் பிடித்து இடவலமாக வீசிப் பாருங்கள், எவ்வளவு நீளம் உங்களுக்குத் தாங்கும் என்று அப்போது தெரியும்.

இப்போது பூட்டலாம். பின்பக்கத்து மெத்தையை நெஞ்செலும்பிலோ இடுப்பிலோ ஊன்றி, ரப்பரின் இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் இரு கையாலும் இழுத்து, முதலில் முன்காடியில் மாட்டுங்கள். முனை எப்போதும் ஆளில்லாத பக்கம். இறுக்கம் குறைந்த இந்த நிலையில் இரண்டு மூன்று முறை சுட்டு ட்ரிகர் சரியாக நடந்துகொண்டால்தான் கடைசிக் காடிக்குப் போவது.

குறிக்கு, கெட்டியான ஃபோம் பலகை ஒன்றைக் கீழே கல் கட்டி, மிதவையிலிருந்து தொங்க விடுங்கள். நடுவில் கறுப்புப் புள்ளி. ஈட்டி முனையிலிருந்து குறி வரை இரண்டு மீட்டரில் ஐந்து முறை, அப்புறம் மூன்று மீட்டரில் ஐந்து முறை. கை நேராக, முழங்கை பூட்டியபடி, அவசரமில்லாமல்.

பலகையை எடுத்து வந்து துளைகளைப் பாருங்கள். ஐந்து துளையும் ஒரு தேநீர்த் தட்டுக்குள் அடங்கி, ஆனால் மொத்தமாகப் புள்ளிக்குப் பக்கத்தில் விலகியிருந்தால் துப்பாக்கி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். இடம் வலமாக விலகினால் ரப்பரின் இரண்டு பக்கமும் சமமாக இல்லாமல் இருக்கலாம், மேலே போனால் உதைப்பில் உங்கள் மணிக்கட்டு தூக்குகிறது. இரண்டு மீட்டரில் சரியாக இருந்து மூன்றில் கீழே இறங்கினால் வேகம் குறைவு, ஈட்டி கனமாக இருக்கலாம் அல்லது ரப்பரைக் கொஞ்சம் குறைக்கலாம். துளைகள் ஒரு ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடந்தால் துப்பாக்கியை நண்பரிடம் கொடுத்துச் சுடச் சொல்லுங்கள். அவருக்கும் சிதறினால் ஈட்டியோ தடமோ சரியில்லை. அவருக்கு மட்டும் கூடினால்... சரி, இன்னும் கொஞ்சம் பழகுங்கள்.

துல்லியம் தேறிய பிறகு நாலு மீட்டர். பலகையில் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பாருங்கள். துளைகள் கூடி, ஈட்டியும் நன்றாக இறங்கும் கடைசித் தூரம்தான் உங்கள் தூரம், நூல் எவ்வளவு நீளம் என்பது அல்ல.

விலை பேசுவது

ரப்பர், நூல், ஈட்டி மூன்றும் மாற்றக்கூடியவை, அந்தச் செலவைக் கூட்டி விலையில் கழித்துப் பேசுங்கள். குழாய் வளைந்திருந்தாலோ ட்ரிகரில் சந்தேகம் இருந்தாலோ பேரமே வேண்டாம். வாங்கி வந்ததும் நல்ல தண்ணீரில், முக்கியமாக ட்ரிகர் பெட்டிக்குள் தண்ணீர் ஓடும்படி அலசி, ரப்பரை வெயில் படாத இடத்தில் கழற்றித் தொங்கவிடுங்கள்.