தமிழ்ப் பெயரைத் துரத்தாத பதிவுப் படிவம்: பிஎச்பியில் உள்ளீட்டுச் சரிபார்ப்பு

பெயர், மொபைல் எண், மின்னஞ்சல் என மூன்று கட்டங்கள். சர்வரில் ஓடும் நிரல்மொழியான பிஎச்பி 8.4, அதன் பன்மொழி வசதிக்கான 'ஐஎன்டிஎல்' (intl) எக்ஸ்டென்ஷன், எல்லா மொழி எழுத்தையும் ஏற்கும் யூடிஎஃப்-8 டேட்டாபேஸ் எல்லாம் தயார் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. கட்டத்தைக் காலியாக விடக்கூடாது என்று பிரவுசருக்குச் சொல்லும் 'ரெக்வயர்ட்' போடுங்கள், ஆனால் அதை நம்பாதீர்கள். டெவலப்பர் டூல்ஸில் அந்த ஒரு சொல்லை அழித்துவிட்டால் காலிப் படிவமும் வந்து சேரும். எல்லா விதியும் சர்வரில் மறுபடி இருக்க வேண்டும்.

2. உள்ளீட்டைத் துடையுங்கள். வலைப்பக்கத்திலிருந்து ஒட்டிய பெயரோடு வரும் 'உடையா இடைவெளி'யை (வரி உடையாமல் இருக்கப் போடும் தனி இடைவெளிக் குறி), ஓரத்து இடைவெளிகளை நீக்கும் பழைய 'ட்ரிம்' தொடாது, 8.4-இல் வந்த 'எம்பி ட்ரிம்' எடுத்துவிடும். அடுத்து நார்மலைஸர் கொண்டு என்எஃப்சி வடிவத்துக்கு, அதாவது ஒரே எழுத்தை எப்போதும் ஒரே விதமாகக் குறிக்கும் யூனிகோடு வடிவத்துக்கு, மாற்றுங்கள். 'கோமதி'யின் 'கோ'வில் இரட்டைக்கொம்பும் துணைக்காலும் ஒரே குறியாகவும் வரலாம், இரு குறிகளாகவும் வரலாம். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் மாற்றாமல் சேமித்தால், ஒரு கோமதியைத் தேடும்போது இன்னொரு கோமதி சிக்கமாட்டார்.

3. பெயருக்கான ரெஜெக்ஸ், அதாவது எந்தெந்த எழுத்து வரலாம் என்று சொல்லும் வடிவ விதி. பலரும் இடறுவது இங்கேதான். ஆங்கில எழுத்துகளை மட்டும் ஏற்கும் விதியை விட்டு, யூனிகோடின் 'எழுத்து' வகைக்கு மாறுவார்கள். அப்போதும் 'கவிதா' நிராகரிக்கப்படும்! காரணம், 'வி'யில் உள்ள கொக்கியும் 'தா'வின் துணைக்காலும் யூனிகோடில் எழுத்து அல்ல, 'குறி' வகை. புள்ளியும் அப்படியே, 'மதன்' கூடத் தேறமாட்டார். எனவே எழுத்து வகை 'எல்', குறி வகை 'எம்' இரண்டையும் அனுமதியுங்கள். இனிஷியலுக்காக முற்றுப்புள்ளி, இடைவெளி. கூடவே ஹைஃபன், அபாஸ்ட்ரஃபி. ரெஜெக்ஸின் முடிவில், யூடிஎஃப்-8 ஆகப் படிக்கச் சொல்லும் 'யூ' மாடிஃபையர் கட்டாயம். அது இல்லாவிட்டால் பிஎச்பி பைட் பைட்டாகப் பார்க்கும். இருந்தாலும், கெட்டுப்போன யூடிஎஃப்-8 வந்தால் ரெஜெக்ஸைப் பொருத்திப் பார்க்கும் 'ப்ரெக் மேட்ச்', பொருந்தவில்லை என்பதற்கான பூஜ்யம் தராது, 'ஃபால்ஸ்' தரும். ஆகவே விடை சரியாக 1 தானா என்று மூன்று சமக்குறி போட்டுப் பாருங்கள்.

4. நீளம். 'கவிதா'வுக்கு 'எஸ்டிஆர்லென்' 15 என்கும், 'எம்பி எஸ்டிஆர்லென்' 5 என்கும், 'கிராஃபீம் எஸ்டிஆர்லென்' 3 என்கும். முதலாவது எண்ணுவது பைட்டை, இரண்டாவது யூனிகோடின் எழுத்தையும் குறியையும் தனித்தனியாக, மூன்றாவது கண்ணுக்குத் தெரியும் முழு எழுத்தை. தமிழ் எழுத்துக்கும் குறிக்கும் தலா 3 பைட். டேட்டாபேஸ் வரம்புக்கு இரண்டாவதையே பயன்படுத்துங்கள். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் நெடுவரிசையின் வகை 'வார்கேர்' 100 என்றால் அதுவும் அப்படித்தான் எண்ணும்.

5. மொபைல் எண். இன்புட் வகை 'டெல்', ஒருபோதும் 'நம்பர்' வேண்டாம். மவுஸ் சக்கரம் பட்டாலே எண் மாறிவிடக்கூடும். இடைவெளி, ஹைஃபன், முன்னால் வரும் +91 அல்லது 0 எல்லாவற்றையும் நீங்களே நீக்குங்கள். மிஞ்சுவது 6 முதல் 9-க்குள் தொடங்கும் 10 இலக்கமா என்று பார்த்தால் போதும். 'இடைவெளி விடாதீர்கள்' என்று பயனரை அதட்டுவது சோம்பேறித்தனம்.

6. மின்னஞ்சலுக்கு பிஎச்பியின் 'ஃபில்டர் வார்' தரும் மின்னஞ்சல் சரிபார்ப்பே போதும். வலையில் கிடைக்கும் இரண்டு வரி நீள ரெஜெக்ஸ் எதையும் ஒட்டாதீர்கள். முகவரி உண்மையா என்பதை உறுதி செய்யும் லிங்க் அனுப்பித்தான் அறிய முடியும்.

பின்சேர்க்கை: பெயரை முதல், கடைசி என இரண்டாகப் பிரிக்கலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். வேண்டாம். இனிஷியல் மட்டுமே உள்ளவர், குறைந்தது இரண்டு எழுத்து கேட்கும் 'கடைசிப் பெயர்' கட்டத்தில் எதைப் போடுவார்? புள்ளியைத்தான் வரிசையாகத் தட்டுவார், அதுவும் உங்கள் டேட்டாபேஸில் ஏறும். ஒரே கட்டம், 'முழுப் பெயர்' என்று போட்டுவிடுங்கள்.