பெரிய சைஸ் பனி ஜாக்கெட்டா? ஜிப்பைப் பாருங்கள்

குல்மார்க், அவுலி என்று பனிச்சறுக்குக்குக் கிளம்பும் சேலத்துப் பெண்களுக்கு: ஜாக்கெட்டில் சைஸ் எழுத்தை மட்டும் நம்பாமல், கீழிருந்தும் திறக்கும் இருவழி ஜிப் இருக்கிறதா என்று பாருங்கள். பெண்கள் பிரிவில் கிடைக்காவிட்டால் ஆண்கள் பிரிவில் தேடலாம், யாரும் தடுக்கப்போவதில்லை.

நம்மில் பலருக்கு ஜாக்கெட் பிடிப்பது இடுப்புக்குக் கீழேதான். கீழ் ஜிப்பை நான்கு விரல் அளவு திறந்துவிட்டால் உட்காரவும் குனியவும் இடம் கிடைக்கும், நெஞ்சுப்பக்கம் குளிரும் புகாது. ஆனால் மெல்லிய சுடிதார் மேல் போட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உள்ளே தெர்மல் என்கிற கதகதப்பான உள்ளாடையும் ஸ்வெட்டரும் வரும். அவற்றோடு போட்டு, கையைத் தூக்கி, குந்தி உட்கார்ந்து பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

பேன்ட்டுக்கு இந்த வழி சரிவராது. ஆண்கள் பேன்ட் இடுப்பில் சரியாக இருந்தாலும் தொடையில் பிடிக்கும். பெண்கள் அளவிலேயே, இடுப்பை வெல்க்ரோவால் கூட்டிக் குறைக்கிற மாதிரி வாங்குங்கள். விழுந்து விழுந்து எழும் புதியவர்கள் சறுக்கும்போது ஜாக்கெட்டின் கீழ் ஜிப்பை மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் பனி உள்ளே போய்விடும். ஏற்காட்டுக்கு இதெல்லாம் வேண்டாம். அந்தச் சுமார் 1,500 மீட்டர் உயரத்துக்கு ஒரு ஸ்வெட்டரே போதும்.