வாஷிங்டன் மாநிலத்துல தண்ணி உரிமை வேணுமா? க்யூல நிக்கறதுக்கு முன்னாடி பக்கவாசலப் பாருங்க

சியாட்டில் பக்கம் வேலை பாத்துக்கிட்டே கேஸ்கேட் மலைக்கு அந்தப் பக்கம் நாலஞ்சு ஏக்கர் வாங்கிப் போடலாம்னு யோசிக்கிறவங்களுக்குத்தான் இது. அங்க நிலம் உங்க பேர்ல இருந்தாலும் தண்ணி உங்களுது இல்ல, நம்ம ஊர் மாதிரி போர்வண்டியக் கூப்பிட்டு இறக்கிட்டா வேலை முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க. 1917லேர்ந்து ஆத்துத்தண்ணிக்கு, 1945லேர்ந்து நிலத்தடி நீருக்கு, யார் முன்னாடி அப்ளை பண்ணாங்களோ அவங்களுக்குத்தான் முதல் பாத்தியதை.

முதல்ல பர்மிட் வேணுமான்னே பாருங்க. வீட்டுத் தேவைக்கு கிணத்துலேர்ந்து ஒரு நாளைக்கு 5,000 கேலன் வரைக்கும், அரை ஏக்கருக்குள்ள விக்காத தோட்டம், ஆடுமாடு, இதுக்கெல்லாம் வேணாம். ஆனா 2018 சட்டம் வந்தப்புறம் சில ஆத்துப்படுகைல புதுக் கிணறுன்னா 500 டாலர் கட்டணும், வருஷக் கணக்குல சராசரி ஒரு நாளைக்கு 950 கேலனைத் தாண்டக்கூடாது. கேஸ்கேட் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கற மேல் கிட்டிட்டாஸ் பகுதில இன்னும் கறார், நீங்க எடுக்கற தண்ணிக்கு ஈடா வாட்டர் பேங்க்ல, அதாவது பழைய தண்ணி உரிமையச் சேத்து வச்சு விக்கறவங்ககிட்ட, வாங்கிக் காட்டணும்.

காய்கறி வித்துக் காசு பாக்கணும்னா பர்மிட்தான். தண்ணி உரிமையப் பாத்துக்கற மாநில அரசோட எகாலஜி டிபார்ட்மென்ட் நாலு கேள்வி கேக்கும்: தண்ணி இருக்கா, பிரயோஜனமான வேலைக்கா, முன்னாடி உரிமை வச்சிருக்கவனுக்கு பாதிப்பு வருமா, பொதுநலனுக்குக் கெடுதலா. கேள்வி சுலபம்தான், வரிசைதான் நகராது. யாக்கிமா ஆத்துல யாருக்கு என்ன உரிமைன்னு 1977ல போட்ட கேஸ் 2019லதான் முடிஞ்சது, அந்த ஊர் வேகம் அப்படி!

இந்த வரிசைய உடைக்கத்தான் அரசாங்கமே சில வழி திறந்துவிட்டுச்சு. 1997ல கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி) அளவுல, பழைய உரிமைய மாத்தற மனுவப் பாக்க கன்சர்வன்சி போர்டு வச்சாங்க, 2001ல பழைய உரிமைய மாத்தறதுக்குத் தனி க்யூ போட்டாங்க. அதனால என் யோசனை, புதுசா கேக்காதீங்க, ஏற்கனவே இருக்கற உரிமைய விலைக்கு வாங்கி உங்க நிலத்துக்கு மாத்துங்க. போர்டு ஓகே சொன்னா எகாலஜி 45 நாள்ல பாக்கணும், கூட ஒரு 30 நாள் எடுத்துக்கலாம். புது உரிமை தர்றதுக்கு போர்டுக்கு அதிகாரம் கிடையாது, எல்லா கவுண்டிலயும் போர்டும் இல்ல.

இன்னொரு வழி, நீங்களே காசு கொடுத்து கன்சல்டன்ட் வச்சு ஃபைல நகத்தறது. லஞ்சம் இல்லங்க, சட்டப்படியே இருக்கு! ஆனா அதே நீராதாரத்துல உங்களுக்கு முன்னாடி நிக்கறவங்க அப்ளிகேஷன் செலவும் உங்க தலைல விழலாம், எத்தனை பேர் நிக்கறாங்கன்னு கேட்டுட்டு கையெழுத்துப் போடுங்க.

அப்ளை பண்றதுக்கு முன்னாடி எகாலஜி ஆளுங்களோட பேசுங்க, ஃப்ரீதான். அப்புறம் லோக்கல் பேப்பர்ல ரெண்டு வாரம் விளம்பரம் போடணும், ஆட்சேபணைக்கு 30 நாள். விலைக்கு வாங்கறீங்கன்னா விக்கிறவர்கிட்ட கடைசி அஞ்சு வருஷ தண்ணி மீட்டர் கணக்கோ பம்புக்கான கரண்ட் பில்லோ கேளுங்க, சரியான காரணம் இல்லாம தொடர்ந்து அஞ்சு வருஷம் எடுக்காத தண்ணி அரசாங்கத்துக்கே திரும்பப் போயிடும், நீங்க வெறும் பேப்பர வாங்கிட்டு வருவீங்க.